அந்தச் சிவப்பு அட்டை ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி இது: "சிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் பெல் அண்ட் செபாஸ்டியன் குழுவின் ‘இஃப் யூ ஆர் ஃபீலிங் சினிஸ்டர்’ அதில் வந்துவிடுகிறது. இண்டி பாப்பின் திருப்புமுனை என்கிறார்கள். இரண்டு தடவை முழுசாகக் கேட்டுவிட்டேன். ஒலி மெலிந்து கிடக்கிறது, பாடகர் வாய்க்குள்ளேயே பாடுகிறார், ஹிட் என்று சொல்ல ஒரு பாட்டுகூட இல்லை. எதில் திருப்புமுனை?"

உங்கள் காதில் கோளாறு இல்லை. ஒலிப்பதிவு மெலிவுதான். நான் முதல் தடவை கேட்டபோது ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். பாட்டுகளை எழுதிப் பாடிய ஸ்டூவர்ட் மர்டாக்குக்கே அந்தப் பதிவில் திருப்தி கிடையாது. பாட்டுகள் நல்லவை, பதிந்த விதம்தான் சரியில்லை என்பது அவர் கட்சி. ஆகவே ‘இது ஒலிநுட்பத்தின் உச்சம்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஹிட் இல்லாமல் எப்படித் திருப்புமுனை என்று கேட்டீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. 1996 நவம்பர் 18 அன்று இது வெளியானபோது பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலின் மேல்வரிசைகளில் இதற்கு இடமே இல்லை. சுவரொட்டி இல்லை, வீடியோ இல்லை, வானொலிக்கென்று ஒதுக்கிய சிங்கிள், அதாவது தனியாக விற்கும் ஒற்றைப் பாட்டுத் தட்டு, அதுவும் இல்லை. ஒருவர் வாங்கி இன்னொருவருக்கு டேப்பில் பதிந்து கொடுத்து, அவர் மூன்றாமவருக்குக் கொடுத்து, இரண்டரை வருஷத்துக்குள் பிரிட்டனின் மிகப்பெரிய இசை விருது மேடையில் அந்தக் குழுவின் பெயர் வாசிக்கப்பட்டது. ஆல்பம் செய்த வேலை அவ்வளவு மெதுவானது.

அந்த வருஷத்துப் பிரிட்டனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரிட்பாப் என்ற ஆரவாரமான பிரிட்டிஷ் கிட்டார் இசை அலை உச்சத்தில் இருந்த காலம். 1996 ஆகஸ்ட்டில் ஒயாசிஸ் குழு நெப்வொர்த் மைதானத்தில் இரண்டு இரவு பாடியது. வந்த கூட்டம் இரண்டரை லட்சம். கிட்டார் என்றால் சுவர்போல எழும்பி நிற்க வேண்டும், பாடகன் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாட வேண்டும். அதே ஆகஸ்ட் மாதத்தில்தான் ஜீப்ஸ்டர் என்ற சின்ன லண்டன் இசைத்தட்டு நிறுவனம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த இந்தக் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. குழு பிறந்து அப்போது எட்டு மாதம்கூட ஆகவில்லை.

இண்டி பாப் இவர்களோடு பிறந்ததல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1980 வாக்கிலேயே கிளாஸ்கோவில் போஸ்ட்கார்டு ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனமும் ஆரஞ்ச் ஜூஸ் குழுவும் இருந்தன. அப்புறம் பேஸ்டல்ஸ் குழு. 1986-இல் என்.எம்.இ. என்ற இசைப் பத்திரிகை ‘சி86’ என்று ஒரு கேசட் வெளியிட்டது; அந்தப் பெயரே ஒரு பாணியின் பெயராக ஒட்டிக்கொண்டது. பிரிஸ்டல் நகரத்தில் சாரா ரெக்கார்ட்ஸ் எட்டு வருஷம் நடந்தது. சுயேச்சை நிறுவனத்தில் வெளியிடுவது என்ற வியாபாரச் சொல்லாக இருந்த ‘இண்டி’ இந்த ஆட்கள் கையில்தான் ஓர் ஒலியின் பெயராகவும் மாறியது: மெல்லிய குரல், கணகணக்கும் கிட்டார், தேர்ச்சியைக் காட்டிக்கொள்ளாத வாசிப்பு. 1995-இல் சாரா ரெக்கார்ட்ஸ் தானாகவே கடையைச் சாத்திக்கொண்டது. சரி, இந்தக் கதை முடிந்தது என்று பலரும் நினைத்த நேரம் அது. அடுத்த வருஷமே கிளாஸ்கோவிலிருந்து இந்த ஆல்பம் வருகிறது.

மர்டாக்கின் கதையை உருக்கமாகச் சொல்வது சுலபம். முடிந்த வரை சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாட்டுகளைப் புரிந்துகொள்ள அது வேண்டும். 1968-இல் ஏர் என்ற ஊரில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது நாள்பட்ட சோர்வு நோய் வந்தது. மருத்துவர்கள் எம்.இ. என்று சொல்வது. ஏறக்குறைய ஏழு வருஷம் படிப்பும் போய், வேலையும் இல்லாமல், பெரும்பாலும் வீட்டோடு கிடந்தார். அந்த வருஷங்களில்தான் பாட்டு எழுதத் தொடங்கினார். இடையில் ஒரு நண்பரோடு கலிஃபோர்னியா போய் சான் ஃபிரான்சிஸ்கோவில் சில காலம் இருந்தார்; யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்கிற சின்ன மேடைகளில் தன் பாட்டைப் பாடிப் பார்த்தது அங்கேதான். ஊர் திரும்பிய பின் ஒரு தேவாலயக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கூடத்துக்கு மேலேயே குடியிருப்பு. தேவாலயப் பாடகர் குழுவிலும் பாடினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆல்பத்தின் முதல் பாட்டு யாரைப் பற்றியது தெரியுமா? பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தய வீரர்களைப் பற்றி. வருஷக்கணக்கில் வீட்டோடு கிடந்த மனிதர் எழுதிய ஆல்பம், உடம்பு ஆரோக்கியமும் அழகும் வாய்த்தவர்களைத் தள்ளி நின்று பார்ப்பதில் தொடங்குகிறது. அதில் வியப்பு உண்டு, பொறாமை உண்டு, கொஞ்சம் கிண்டலும் உண்டு. மூன்றும் ஒரே வரியில் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பவனுக்குத்தான் அந்தப் பார்வை வாய்க்கும். ‘தி ஸ்டார்ஸ் ஆஃப் ட்ராக் அண்ட் ஃபீல்ட்’ என்ற அந்தப் பாட்டைத்தான் நீங்கள் ‘வாய்க்குள்ளேயே பாடுகிறார்’ என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உண்மைதான், தொடக்கம் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. ஒரு கிட்டாரும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல ஒரு குரலும். பிறகு ஒவ்வொரு வாத்தியமாக உள்ளே வந்து உட்காரும். கடைசியில் டிரம்பெட் எழும்போது பாட்டு முதலில் இருந்த அளவைப்போல் எத்தனையோ மடங்கு பெரிதாகியிருக்கும். எந்த இடத்தில் பெரிதானது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

குழு சேர்ந்த விதம் ஒரு அரசு அலுவலகக் கதை. வேலையில்லாத இசைக்காரர்களுக்காக அப்போது கிளாஸ்கோவில் பீட்பாக்ஸ் என்று ஒரு அரசுப் பயிற்சித் திட்டம் நடந்தது. மர்டாக்கும் பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டூவர்ட் டேவிட்டும் சந்தித்தது அங்கே. டிரம்ஸ் வாசிக்கும் ரிச்சர்ட் கோல்பர்ன் ஸ்டோ கல்லூரியில் இசை வணிகம் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் படிப்பை நடத்தியவர் ஆலன் ராங்கின், எண்பதுகளில் அசோசியேட்ஸ் என்ற குழுவில் பேர் வாங்கியவர். படிப்பின் ஒரு பகுதியாக மாணவர்களே எலக்ட்ரிக் ஹனி என்ற பெயரில் ஒரு நிறுவனத்தை நடத்தி, வருஷத்துக்கு ஒரு சிங்கிள் வெளியிட வேண்டும். ஒப்பந்தம், அட்டை, அச்சு, விற்பனை எல்லாம் செய்து பழகுவதற்காக. 1996-இல் அவர்கள் கைக்கு மர்டாக்கின் டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, வந்தது. ஒரு சிங்கிளுக்குத்தான் ஏற்பாடு. பாட்டுகளோ மூட்டையாக இருந்தன. சரி, முழு ஆல்பமாகவே போடுவோம் என்று முடிவு செய்தார்கள். மூன்றே நாளில் பதிவு முடிந்தது, ஆயிரம் பிரதி, வினைல் மட்டும். ஜூன் மாதம் வந்த அந்த ‘டைகர்மில்க்’தான் உண்மையில் முதல் ஆல்பம். நாம் பேசிக்கொண்டிருப்பது இரண்டாவது.

கல்லூரிப் பயிற்சிக்காகப் போட்ட அந்த ஆயிரம் தட்டுகளில் ஒன்று பின்னாளில் நானூறு பவுண்டு வரை விலை போனது. தங்கள் குழுவைப் பற்றி மர்டாக் ஒருமுறை சொன்னது, சொதப்பிப்போன முதலாளித்துவத்தின் விளைவுதான் நாங்கள் என்ற பொருளில். வேலையில்லாதோர் திட்டம், கல்லூரிப் பயிற்சி, தேவாலய வாட்ச்மேன் வேலை என்று அந்த வரலாற்றைப் பார்த்தால் அது வெறும் நகைச்சுவை என்று தோன்றவில்லை. (ஸ்னோ பட்ரோல், பிஃப்பி கிளைரோ குழுக்களின் ஆரம்பகாலப் பதிவுகளும் இதே எலக்ட்ரிக் ஹனியில் வந்தவைதான். ஒரு கல்லூரி வகுப்புக்கு இது அசாத்தியமான கைராசி.)

இனி ஒலிக்கு வருகிறேன். ஜூனில் ஒரு ஆல்பம், ஆகஸ்ட்டில் ஒப்பந்தம், நவம்பரில் அடுத்த ஆல்பம். இந்த வேகத்துக்குக் காரணம் எளிது: பாட்டுகள் எழுதப்படக் காத்திருக்கவில்லை, பதியப்படத்தான் காத்திருந்தன. மர்டாக் வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். பதிவு நடந்தது காவா ஸ்டூடியோவில். பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றை மாற்றிக் கட்டியது அது. தயாரிப்பு டோனி டூகன். வாசித்தவர்களோ அதே வருஷம்தான் சேர்ந்தவர்கள். கிட்டார் ஸ்டீவி ஜாக்சன், கீபோர்டு கிறிஸ் கெடெஸ், செல்லோ இசபெல் கேம்பல், டிரம்பெட் மிக் குக். வயலின் வாசித்த சாரா மார்ட்டின் இந்தப் பதிவுக்குச் சற்று முன்புதான் வந்து சேர்ந்தார். ஒரு வருஷம்கூடச் சேர்ந்து வாசிக்காத ஆட்கள் இத்தனை வாத்தியங்களை வைத்துக்கொண்டு ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் இருக்க வேண்டுமென்றால் எல்லாரும் சற்று ஒதுங்கித்தான் வாசிப்பார்கள். அந்த ஒதுக்கம்தான் உங்களுக்கு மெலிவாகக் கேட்கிறது. டிரம்ஸ் தட்டப்படுகிறது, அடிக்கப்படவில்லை. செல்லோ பல இடங்களில் நிழல் மாதிரிதான் இருக்கிறது.

இதைக் குறை என்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்தப் பாட்டுகளில் கதைதான் பிரதானம். கதை சொல்பவன் கத்திச் சொன்னால் சிரிப்பாகிவிடும் விஷயங்கள் அவை.

தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட மைதானத்தில் குழந்தைகள் விளையாடும் இரைச்சலோடு தொடங்குகிறது, அது பாட்டின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே என்ன நடக்கிறது? ஆன்டனி என்று ஒருவன். இனி இப்படியொரு உணர்வு தனக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று எண்ணிச் சாவை நோக்கி நடந்து போனவன். ஹிலரி என்று ஒருத்தி. படுக்கையறையில் வலியிலும் வேதாகம வகுப்பிலும் ஒரே நேரத்தில் ஈடுபாடு கொண்டவள். உலகத்தில் நம்பிக்கை வைக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறவள். இருவருக்கும் தேவாலயம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று பாட்டு கேட்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை என்பதுபோல ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுகிறது. எழுதியவர் நாத்திகர் இல்லை. அந்தத் தேவாலயக் கூடத்தின் மேல்மாடியில் படுத்துத் தூங்குகிறவர், ஞாயிறு தோறும் உள்ளே நின்று பாடுகிறவர். வெளியே நின்று கல்லெறிவது வேறு, உள்ளே இருந்துகொண்டு ‘சாமி, இந்தப் பதில் போதாதே’ என்று கேட்பது வேறு. இந்த இரண்டாவது தொனி ராக் இசையில் அரிது. தற்கொலையையும் காமத்தையும் வேதாகமத்தையும் ஐந்து நிமிஷச் சொச்சத்துக்குள் வைத்து, ஒருவரைக்கூடத் தண்டிக்காமல் விட்டிருக்கிறார். இதைக் கிட்டாரைச் சுவர்போல எழுப்பிப் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

இந்தக் குழுவின்மேல் ‘ட்வீ’ என்று ஒரு முத்திரை உண்டு. பொம்மைத்தனமான, கொஞ்சிக் குழைகிற இசை என்று அர்த்தம். கம்பளிச் சட்டை, கழுத்துத் துணி, நூலகப் புத்தகம் என்று ஒரு சித்திரம். அட்டைகளைப் பார்த்தால் அப்படித் தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்கள் வரிகளைக் கேட்டதில்லை என்பது என் அபிப்பிராயம். ‘சீயிங் அதர் பீப்பிள்’ பாட்டில் துள்ளும் பியானோவைக் கேட்டு ஏதோ விளையாட்டுப் பாட்டு என்று நினைப்பீர்கள். பழகிப் பார்ப்பதற்காக என்று சொல்லிக்கொண்டு முத்தமிட்டுக்கொள்ளும் இரண்டு இளம் உடம்புகளைப் பற்றியது அது. இருவரும் பையன்களா என்பதைப் பாட்டு முழுக்க உடைத்துச் சொல்வதே இல்லை, ஊகிக்க விடுகிறது. 1996-இல், பிரிட்பாப்பின் ஆண்பிள்ளைச் சலம்பலுக்கு நடுவே, அதை இவ்வளவு சாதாரணமாகப் பாடியது சின்ன விஷயம் இல்லை.

‘மீ அண்ட் தி மேஜர்’ இன்னொரு ரகம். ஹார்மோனிகா ஊதிக்கொண்டு மூச்சிரைக்க ஓடும் பாட்டு. தினமும் ஒரே ரயிலில் ஏறும் இரண்டு பேர்: ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஒருவர், வேலைவெட்டி இல்லாத இளைஞன் ஒருவன். மேஜருக்குப் பேச ஆசை. இளைஞனுக்கு அவரைப் பிடிக்கவும் செய்கிறது, பிடிக்காமலும் இருக்கிறது. தலைமுறை இடைவெளியைப் பற்றி ஆயிரம் பாட்டு வந்திருக்கும்; பெரும்பாலும் பெரியவரை முட்டாளாக்கி முடித்துவிடுவார்கள். இங்கே அந்தச் சுலபமான வழி எடுக்கப்படவில்லை.

‘தி ஃபாக்ஸ் இன் தி ஸ்னோ’ பாட்டைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். பனியில் நிற்கும் நரியிடம், அதே பனியில் ஒரு பெண்ணிடம், சைக்கிளில் போகும் பையனிடம், ‘சாப்பாட்டுக்கு எங்கே போவாய்’ என்கிற மாதிரி ஒரு விசாரிப்பு. பியானோ, பிறகு செல்லோ, வயலின். அவ்வளவுதான். குளிர் நாட்டில் வாழாதவர்களுக்கும் புரியும். ‘மேஃப்ளை’ எனக்குப் பெரிதாகப் பிடிபடவில்லை. உற்சாகமாக வந்து போய்விடுகிறது. ‘தி பாய் டன் ராங் அகெய்ன்’ சோகம் சற்று இழுபடுகிறது. பத்துப் பாட்டில் இரண்டு தொய்வு என்றால் மன்னித்துவிடலாம்.

ஆனால் ‘கெட் மீ அவே ஃப்ரம் ஹியர், ஐ ஆம் டையிங்’ பாட்டை விட்டுவிட முடியாது. தலைப்பைப் பாருங்கள்: ‘என்னை இங்கிருந்து கூட்டிப் போ, செத்துக்கொண்டிருக்கிறேன்’. மெட்டோ காலைநடை போகிறவன் சீட்டியடிப்பதுபோல அத்தனை லேசு. பாட்டெழுதுகிறவன் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறான். கதைப்புத்தகத்தில் வரும் பையன் எப்படியோ ஜெயித்துவிடுகிறான், எழுத்தால் நான் என்ன சாதித்துவிடப் போகிறேன் என்று. நல்ல பாட்டு ஒன்று கேட்டால் போதும், விடுதலை கிடைத்துவிடும் என்று ஏங்குகிறான். அந்த ஏக்கத்தையே நல்ல பாட்டாக்கிவிட்டான் என்பது அவனுக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. ஏழு வருஷம் வீட்டோடு கிடந்தவருக்கு இந்தத் தலைப்பு வெறும் மிகைச்சொல் இல்லை என்பதை அறிந்துகொண்டு கேட்டால் அந்தச் சீட்டியடிப்பு வேறு மாதிரி கேட்கும்.

அடுத்தது, இவர்கள் வாயே திறக்காத கதை. அந்த ஆரம்ப வருஷங்களில் பேட்டி கொடுப்பது அபூர்வம். பத்திரிகைக்குப் படம் கேட்டால் குழுவினர் இல்லாத படம், தோழி ஒருத்தியின் படம், இப்படி ஏதாவது போய்ச் சேரும். ஆல்பத்தின் அட்டையிலும் அவர்கள் இல்லை. ஒரு தோழியின் புகைப்படம், முழுக்கச் சிவப்புச் சாயத்தில். தங்கள் முகத்தைக் காட்டாமல் வேறு யாருடைய படத்தையோ போட்ட எண்பதுகளின் ஸ்மித்ஸ் குழுவின் அட்டைகளிலிருந்து கற்ற பாடம் என்பது பார்த்தவுடன் தெரியும். குழுவின் பெயர்கூடத் தங்களுடையது இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் செசீல் ஓப்ரி எழுதிய, ஒரு சிறுவனும் அவன் நாயும் வரும் குழந்தைக் கதையின் பெயர் அது. இது கூச்சமா, தந்திரமா என்று அப்போதே சந்தேகித்தவர்கள் உண்டு. இரண்டும் கொஞ்சம் கலந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். எப்படியிருந்தாலும் விளைவு ஒன்றே. முகம் தெரியாததால் கேட்டவர்கள் தங்கள் முகத்தைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். கடைசிப் பாட்டில் வரும் ஜூடியும், ஆன்டனியும் ஹிலரியும் கேட்பவரின் வகுப்பில் படித்தவர்கள் ஆகிவிட்டார்கள்.

வியாபாரத்திலும் ஒரு பிடிவாதம் இருந்தது. ஆல்பத்தில் உள்ள பாட்டைத் தனியே எடுத்து சிங்கிளாக விற்கக் கூடாது. ரசிகனை ஒரே பாட்டுக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வைப்பது தப்பு என்கிற எண்பதுகளின் இண்டி தர்மம் அது. உங்கள் கேள்வியில் ‘ஹிட் பாட்டு ஒன்றுகூட இல்லை’ என்று சொன்னீர்கள் அல்லவா, அது விபத்தாக நடந்ததில்லை. அதற்குப் பதிலாக 1997-இல் மூன்று இ.பி.க்கள், அதாவது சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு தட்டுகள், தனியாக வந்தன, ஆல்பத்தில் இல்லாத பாட்டுகளோடு. முதலாவது ‘டாக் ஆன் வீல்ஸ்’ பிரிட்டிஷ் பட்டியலில் 59-ஆம் இடம். ‘லேஸி லைன் பெயின்டர் ஜேன்’ 41, நாற்பதுக்குள் வர ஓர் இடம் குறைவு. மூன்றாவது 32. இந்த மூன்று எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே ஆல்பம் கை மாறிக்கொண்டிருந்த வேகம் தெரியும். விளம்பரத்தால் ஏறிய ஏற்றமாக இது தெரியவில்லை.

அமெரிக்காவில் இன்னும் விசித்திரம். என்கிளேவ் என்ற நிறுவனம் 1997 தொடக்கத்தில் ஆல்பத்தை அங்கே வெளியிட்டது; சிறிது காலத்தில் நிறுவனமே மூடப்பட்டது. தட்டு கிடைக்காமல் போனதில் தேடல் கூடிற்று. அதைவிடப் பெரிய தேடல் ‘டைகர்மில்க்’குக்கு. இரண்டாவது ஆல்பத்தைக் கேட்டு மயங்கியவர்களுக்கு, அதற்கு முந்தைய ஆல்பம் ஒன்று இருக்கிறது, உலகத்திலேயே ஆயிரம் பிரதிதான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? டேப்பிலிருந்து டேப்புக்கு, அதிலிருந்து இன்னொரு டேப்புக்கு என்று இரைச்சல் ஏறிய பிரதிகள் சுற்றின. 1999-இல் ஜீப்ஸ்டர் மறுபடி வெளியிடும் வரை பெரும்பாலோர் கேட்டது அந்த இரைச்சலைத்தான். முதல் ஆல்பம் இரண்டாவதன் முன்கதையாக, திரும்பிப் போய்த் தேட வேண்டிய ஒன்றாக ஆனது இப்படித்தான். இரண்டாவதைத் திருப்புமுனை என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரசிகர்கள் ஆல்பத்தின் பெயரையே வைத்து ‘சினிஸ்டர்’ என்று ஒரு மின்னஞ்சல் குழு நடத்தினார்கள். 1998-இல் மூன்றாவது ஆல்பம் ‘தி பாய் வித் தி அரப் ஸ்ட்ராப்’ நேராகப் பன்னிரண்டாம் இடத்துக்குப் போனது. 1999 பிப்ரவரியில் பிரிட் விருதுகளில் சிறந்த புதுமுகம். மூன்று ஆல்பம் போட்ட புதுமுகம்! வாக்கெடுப்பில் ஸ்டெப்ஸ், ஃபைவ் போன்ற, தொலைக்காட்சியைத் திறந்தால் வந்து நின்ற பாப் குழுக்களைத் தோற்கடித்தார்கள். பாப் உலகம் அரண்டு போனது, வாக்கில் தில்லுமுல்லு என்று குரல் எழுந்தது. அவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பது டேப் கதை தெரியாதவர்களுக்கு விளங்கியிருக்க வாய்ப்பில்லை.

ஒலி விஷயத்துக்கு ஒரு பின்கதை உண்டு. 2005-இல் லண்டனில் பழைய ஆல்பங்களை முழுமையாக, அதே வரிசையில் மேடையில் வாசிக்கும் ஒரு நிகழ்ச்சித் தொடர் நடந்தது. அதன் பெயர் ‘டோன்ட் லுக் பேக்’, பாப் டிலனைப் பற்றிய ஆவணப்படத்தின் பெயர். இந்த ஆல்பத்தின் நாலாவது பாட்டு ‘லைக் டிலன் இன் த மூவீஸ்’ அதே படத்தைத்தான் தொட்டுப் பேசுகிறது: இரவில் பூங்கா வழியே போகும்போது யாரோ பின்தொடர்ந்தால் திரும்பிப் பார்க்காதே என்று. எதையும் திரும்பிப் பார்க்காதே என்று பாடியவர்களை ஒன்பது வருஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். பார்பிகன் அரங்கில் அந்த செப்டம்பரில் ஆல்பம் முழுவதையும் வாசித்தார்கள். பதிவை டிசம்பரில் இணையத்தில் விற்று, வந்த பணத்தைக் காஷ்மீர் நிலநடுக்க நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள்.

உங்களுக்கு ஒலிதான் தடை என்றால் அந்த நேரடிப் பதிவைத் தேடிக் கேளுங்கள். டிரம்ஸுக்கு உடம்பு வந்திருக்கிறது, வயலின் தனியாகத் தெரிகிறது, மர்டாக் வாயைத் திறந்து பாடுகிறார். மூலப் பதிவில் அவர் விரும்பியும் கிடைக்காத எல்லாம் அதில் இருக்கிறது. நானும் சில மாதம் அதையேதான் கேட்டேன். பிறகு எப்போது என்று தெரியாமலே பழைய பதிவுக்குத் திரும்பிவிட்டேன். பார்பிகனில் பாடுகிறவர் முப்பத்தேழு வயதுக்காரர், தன் பாட்டுகளை மக்கள் நேசிப்பார்கள் என்று அறிந்தவர். 1996-இல் பாடுகிறவருக்கு அது தெரியாது. ஜூடியின் பாட்டில் அந்த வித்தியாசம் நன்றாகக் கேட்கும். ‘ஜூடி அண்ட் த ட்ரீம் ஆஃப் ஹார்சஸ்’ கடைசிப் பாட்டு. பாட்டெழுதும் ஒரு பள்ளிப்பெண், அவளுடைய குதிரைக் கனவு. ஒற்றைக் குரலில், அடுத்த வரி வருமோ வராதோ என்பதுபோலத் தொடங்கும். பிறகு ரெகார்டர் என்ற குழல், டிரம்பெட், எல்லாரும். மேடைப் பதிவில் அந்தத் தயக்கம் கிடையாது.

இன்னொரு தடவை கேட்பதாக இருந்தால் முதல் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள், அதுதான் உங்களைத் தள்ளிவிட்டது என்று நினைக்கிறேன். ஆறாவது பாட்டில் தொடங்கி, தலைப்புப் பாட்டைக் கேட்டு, அங்கிருந்து கடைசிக்குத் தாவி ஜூடியைக் கேளுங்கள். வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளாஸ்கோ உச்சரிப்பு நமக்குச் சட்டென்று பிடிபடாது. அப்புறம் முதல் பாட்டுக்குப் போங்கள், ஒலியை வழக்கத்தைவிட இரண்டு படி கூட்டி வைத்துக்கொண்டு. டிரம்பெட் வரும்போது குறைத்துவிடலாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் அது அந்த இடத்தில்தான் இருக்கும்.